உள்ளே போய் வந்தவருக்கு வேலை – கடிதம்

வணக்கம் ஐயா,

கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 16 பேர் வேலை செய்கிறார்கள். போன வாரம் ஒருவர் வேலை கேட்டு வந்தார். வெல்டிங்கில் நல்ல கை. அடிதடி வழக்கில் 5 வருடம் உள்ளே இருந்ததை அவரே சொல்லிவிட்டார். ஆள் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கிற நேரம், எனக்கு எடுத்துக்கொள்ள ஆசைதான். வீட்டில் வேண்டாம் என்கிறார்கள். எடுத்தால் மற்றவர்களிடம் சொல்ல வேண்டுமா? இவர்கள் நிலைத்து நிற்பார்களா?

பெயர் வேண்டாம், கோவை

அன்புள்ள நண்பருக்கு,

அவரே வாய் திறந்து சொன்னது நல்லதாகப் போயிற்று. இனி நீங்கள் செய்ய வேண்டியது, தீர்ப்பு நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பது. நம் ஊரில் "அவன் மேல கேஸ் இருக்கு" என்று ஒரே வரியில் எல்லாரையும் அடைத்துவிடுகிறோம். எஃப்.ஐ.ஆரில் பெயர் வந்தவர், ஜாமீனில் இருப்பவர், குற்றமில்லை என்று விடுதலையானவர், தண்டனையை முடித்தவர், எல்லாரும் ஒன்று. 2022 கடைசியில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர், வழக்கு முடியாமலே உள்ளே. அவர்கள் வெளியே வந்தாலும் ஊருக்கு "ஜெயிலுக்குப் போனவன்"தான்.

சட்டம் இதில் பெரிதாக உதவாது. பிரிட்டனில் 1974இல் வந்த சட்டப்படி, குறிப்பிட்ட காலம் ஒழுங்காக இருந்துவிட்டால் பல தண்டனைகள் கழிந்துபோனதாகக் கணக்கு. பெரும்பாலான வேலைகளுக்கு அதைச் சொல்லவே வேண்டாம். இங்கே வயது வந்தவர்களுக்கு அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை. 1958ஆம் வருட நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, தண்டனையால் வரும் தகுதியிழப்பை நீக்குகிற ஒரு சலுகை தருகிறது, ஆனால் அது சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தையில் விடப்பட்டவர்களுக்கு. உங்கள் ஆளுக்குப் பொருந்தாது. அதே சமயம், தனியார் பட்டறையில் அவரை வெல்டராக வைத்துக்கொள்ள உங்களுக்குத் தடையும் இல்லை.

நிலைத்து நிற்பார்களா என்று கேட்டீர்கள். நான் முன்பு ஒரு சின்ன அச்சகம் நடத்தினேன். பைண்டிங்குக்கு ஒருவர் வந்தார். உள்ளே இருந்தபோது கற்றுக்கொண்ட தொழில். நூல் இழுத்துத் தைப்பதில் அவரைப் போல ஒருவரை அப்புறம் நான் பார்க்கவில்லை. மூன்றாவது மாதம் திடீரென்று வரவில்லை. இரண்டு நாள் பொறுத்தேன். "புத்தி போகுமா" என்று யாரோ சொன்னார்கள், நானும் தலையாட்டினேன், வேறு ஆளைப் போட்டுவிட்டேன். பிறகுதான் தெரிந்தது: பழைய வழக்கு ஒன்று வேறு மாவட்டத்தில் பாக்கி, அன்றைக்கு வாய்தா. போகாவிட்டால் வாரன்ட். லீவு கேட்டால் காரணம் கேட்பேன், காரணம் சொன்னால் வேலை போகும் என்று பயந்து சொல்லாமலே போயிருக்கிறார். அவர் பயந்தது சரிதான் என்று நானே நிரூபித்துவிட்டேன்.

ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். வேறு வழக்கு பாக்கி இருக்கிறதா, ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டுமா, எந்தக் கிழமை? அந்த நாளை விடுப்பாகக் குறித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது பணம். ஐந்து வருடம் கழித்து வருகிறவரிடம் ஓடுகிற வங்கிக் கணக்கும் இருக்காது, ஆதாரோடு இணைந்த போன் நம்பரும் இருக்காது. அதற்கு ஒரு நாள் அனுப்பிவையுங்கள். முதல் இரண்டு மாதம் வாரக்கூலியாகக் கொடுங்கள். மாதச் சம்பளத்துக்காக முப்பது நாள் காத்திருக்கச் சொன்னால் வட்டிக்காரனிடமோ பழைய கூட்டாளிகளிடமோதான் போய் நிற்பார். பெரிய அட்வான்ஸும் வேண்டாம், அது வேறு வகைக் கைவிலங்கு.

மற்றவர்களிடம் சொல்வதா? அவரைக் கேட்காமல் சொல்லாதீர்கள். என் கணக்கில் உங்கள் ஃபோர்மேனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், அதுவும் அவர் சம்மதித்து, உங்கள் வாயால். டீக்கடை வழியாக மற்றவர்களுக்கும் ஒரு நாள் தெரியத்தான் போகிறது. அன்றைக்கு நீங்கள் முழிக்கக் கூடாது. "எனக்குத் தெரியும், தெரிந்துதான் எடுத்தேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஜாப்பைப் பாருங்கள். முதலாளி தடுமாறினால்தான் பேச்சு வளரும்.

பிரிட்டனில் டிம்சன் என்று ஒரு நிறுவனம். ஷூ ரிப்பேர் செய்வார்கள், டூப்ளிகேட் சாவி வெட்டுவார்கள். அவர்களிடம் ஏறத்தாழ பத்தில் ஒருவர் சிறையிலிருந்து வந்தவர். சாவி வெட்டுகிற கடையில்! கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதில்லை. சிறைக்குள்ளேயே பயிற்சிப் பட்டறை வைத்து, ஆளைப் பார்த்துப் பழகித்தான் எடுக்கிறார்கள். அதை நடத்திய ஜேம்ஸ் டிம்சன் 2024இல் சிறைத்துறை அமைச்சரே ஆகிவிட்டார். அமெரிக்காவில் 1966 முதல் வேறொரு வழி: இப்படி எடுத்த ஆளால் முதல் ஆறு மாதத்தில் திருட்டு, மோசடி என்று நஷ்டம் வந்தால் ஈடுகட்ட, முதலாளிக்குச் செலவில்லாமல் ஒரு காப்பீடு. நமக்கு அப்படி ஒன்று இருந்தால் உங்களைப் போன்றவர்கள் எனக்குக் கடிதம் எழுத வேண்டியிருக்காது.

வீட்டில் உள்ளவர்களின் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. ஆனால் அவர்களிடம் ஒன்று கேளுங்கள். சிறைத்துறை நடத்துகிற ஃப்ரீடம் பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போட்டிருக்கிறார்களா? மத்தியச் சிறைக்கு வெளியே, நம் நஞ்சப்பா சாலையில். அங்கே குழாயைப் பிடித்து, நம்மிடம் காசு வாங்குகிறவர்கள் தண்டனைக் கைதிகள். "அங்க அளவு சரியா இருக்கும்" என்று வண்டியைத் திருப்புகிறவர்களை எனக்குத் தெரியும்.

இதற்காக எல்லாரையும் எல்லா வேலையிலும் வைக்கலாம் என்று சொல்லவில்லை. குழந்தைகளிடம் தவறு செய்தவரை யாரும் பள்ளி வேனில் ஏற்றப்போவதில்லை. குற்றத்துக்கும் கொடுக்கிற வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்க வேண்டும். அடிதடிக்குப் போனவர் என்றால், குடி உண்டா, சண்டை யாரோடு, அந்த ஆட்கள் உங்கள் பட்டறைப் பக்கம் இருக்கிறார்களா என்பதைத்தான் நான் விசாரிப்பேன்.

தீர்ப்பு நகல் வந்ததும் எழுதுங்கள். பிரிவு எண்கள் புரியாவிட்டால் பெயரை மறைத்து அனுப்புங்கள், தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டுச் சொல்கிறேன்.