“வேர்ல்ட் கப்புல எல்லாத்தையும் எடுத்துடுவேன்” என்கிறான் மகன்

கேள்வி: எங்கள் ஊர் தேவகோட்டைக்குப் பக்கம். அவுக (என் கணவர்) மதுரையில் கடை வைத்திருக்கிறார்கள், வாரத்துக்கு ஒரு தடவை வருவார்கள். ஒரே மகன், வயது 26, சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷமாக ஃபோனிலேயே ஃபுட்பால் ஆட்டங்களுக்குப் பணம் கட்டி வருகிறான் என்பது இந்தப் பங்குனியில்தான் தெரிந்தது. ஆரம்பத்தில் ஒரே ராத்திரியில் 40,000 ரூபாய் வந்ததாம். ‘போனஸ்’ என்று சொல்லி எனக்குப் பட்டுப்புடவை எடுத்து வந்தது அந்தப் பணத்தில்தான். இப்போது கடன் 3,40,000. கிரெடிட் கார்டில் 80,000, லோன் ஆப்களில் 1,10,000, நண்பர்களிடம் 60,000, பந்தய ஆப்பில் நுழைய ஐடி கொடுத்த ஏஜென்ட்டுக்கு 90,000. கேட்டால், “ஆத்தா, ஜூன்ல வேர்ல்ட் கப் வருது. எல்லாத்தையும் எடுத்துடுவேன், அதோட விட்டுடுறேன்” என்கிறான். சிங்கப்பூரில் இருக்கும் என் தம்பியோ, “இங்கெல்லாம் கவர்மென்ட்டே நடத்துது, இதைப் போய்ப் பெருசா பேசுறியே ஆச்சி” என்கிறான். ஆத்தா வீட்டில் எனக்குப் போட்ட ரெட்டைவடச் சங்கிலியை அடகு வைத்து, அவுகளுக்குத் தெரியாமல் ஒரேயடியாக அடைத்துவிடலாமா? மகனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். ஆவணியில் முடித்துவிடலாம் என்று பேச்சு.
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்)

பதில்: ஆச்சி, கடன் தொகையைவிட அந்தப் பட்டுப்புடவைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. முதல் ராத்திரியே 40,000 போயிருந்தால் உங்கள் மகன் கையைச் சுட்டுக்கொண்டு எழுந்திருப்பான். வந்துவிட்டது. அதற்கப்புறம் எத்தனை தடவை தோற்றாலும், அந்த ராத்திரி திரும்ப வரும் என்றுதான் தோன்றும். ஆகவே உலகக் கோப்பையில் அவன் தோற்பானோ என்று நீங்கள் பயப்படுகிற அளவுக்கு, ஜெயித்துவிடுவானோ என்றும் பயப்பட வேண்டும்.

உங்கள் தம்பி சொல்வது பாதி சரி. சிங்கப்பூரில் சிங்கப்பூர் பூல்ஸ் என்ற நிறுவனம் சட்டப்படியே கால்பந்துப் பந்தயம் நடத்துகிறது. ஆனால் சூதாட்டச் சிக்கலுக்கென்று அங்கே ஒரு தேசிய மன்றமும் இருக்கிறது. ஒருவரைச் சூதாட்டத்திலிருந்து விலக்கி வைக்கச் சொல்லி அவருடைய குடும்பத்தார் அங்கே விண்ணப்பிக்கலாம். தம்பி இந்த மீதிப் பாதியைச் சொல்லாமல் விட்டுவிட்டார்.

அந்த மன்றம் 2014 உலகக் கோப்பை சமயத்தில் ஒரு விளம்பரம் வெளியிட்டது. பிள்ளைகள் எந்த அணி ஜெயிக்கும் என்று கூடிப் பேசிக்கொண்டிருக்க, ஒரு பையன் மட்டும் முகம் வாடி உட்கார்ந்திருப்பான். ஜெர்மனி ஜெயிக்கணும், என் சேமிப்பு முழுக்க அப்பா அதன்மேல் கட்டிவிட்டார் என்பான். கடைசியில் என்ன ஆயிற்று? ஜெர்மனி அரையிறுதியில் பிரேசிலை 7-1 என்று துவைத்து, இறுதியில் அர்ஜென்டினாவை 1-0 என்று வென்று கோப்பையையே தூக்கிவிட்டது. அந்த அப்பாவுக்கு நல்ல லாபம்தான் என்று ஆளாளுக்குக் கேலி. மன்றம் அசரவில்லை. விளம்பரத்தை மாற்றிப் போட்டது. சேமிப்பு திரும்பக் கிடைத்ததா என்று கேட்டால், இல்லை, அப்பா நிறுத்த மாட்டார், இன்னொரு தடவை கட்டணுமாம் என்பான் பையன். சூதாட்டத்தைப் பற்றி எத்தனையோ புத்திமதி கேட்டிருக்கிறேன். இதைவிடத் தெளிவாக ஒன்றைக் கேட்டதில்லை.

சரி, உங்கள் மகனின் நம்பிக்கைக்கு வருவோம். தனக்கு ஃபுட்பால் தெரியும் என்று சொல்வான். தெரிந்திருக்கலாம். 2022 டிசம்பர் 18 அன்று கத்தாரில் நடந்த இறுதி ஆட்டத்தைப் பற்றி அவனிடம் கேளுங்கள். எண்பது நிமிடம் வரை அர்ஜென்டினா 2-0 என்று முன்னால் நின்றது. இரண்டு நிமிடத்துக்குள் எதிரணியான பிரான்சின் எம்பாப்பே இரண்டு கோல் போட்டார். 90 நிமிடம் முடிந்தபோது 2-2. கூடுதல் நேரத்தில் 3-3. பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கோப்பையை எடுத்தது. ஆனால் ஆட்ட முடிவின் மேல் கட்டும் சாதாரணப் பந்தயத்தில் 90 நிமிடமும் அதோடு சேர்க்கும் வீணான நேரமும்தான் கணக்கு. கூடுதல் நேரமும் பெனால்டியும் அதில் சேராது. அந்தக் கணக்கில் ஆட்டம் டிரா. அர்ஜென்டினா ஜெயிக்கும் என்று சரியாகச் சொல்லி அந்த ஆட்டத்தின் மேல் கட்டியவர்கள், மெஸ்ஸி கோப்பையைத் தூக்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டே பணத்தைத் தோற்றார்கள். அதே அர்ஜென்டினா அதே போட்டியின் முதல் ஆட்டத்தில் சவூதி அரேபியாவிடம் 2-1 என்று தோற்றது வேறு கதை.

ஆட்டம் தெரிவது வேறு, பந்தயத்தின் விலை தெரிவது வேறு. நம் பக்கத்தாருக்குக் கணக்குச் சொல்லித்தர நான் யார்? ஆனாலும் இதை ஒரு தாளில் எழுதி மகன் முன்னால் வையுங்கள். ஓர் ஆட்டத்தில் மூன்று கோலாவது விழுமா விழாதா என்று பந்தயம். இரண்டுக்கும் சம வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நியாயமாக 100 ரூபாய் கட்டி ஜெயித்தவனுக்கு 200 வரவேண்டும். ஆப் 190 தரும். இந்தப் பக்கம் ஒருவன் நூறு, அந்தப் பக்கம் ஒருவன் நூறு கட்டினால் ஜெயித்தவன் 190 எடுத்துப் போவான், பத்து ரூபாய் நடத்துகிறவனிடம் நிற்கும். அவனுக்கு எந்த அணி ஜெயித்தாலும் ஒன்றுதான்.

இந்தப் பத்து ரூபாய் சின்னதாகத் தெரியும். பிள்ளைகள் விழுவது அடுத்த படியில். ஐந்து ஆட்டத்தை ஒன்றாகச் சேர்த்துக் கட்டு, ஐந்தும் சரியாக வந்தால் பெரிய தொகை என்பார்கள். மேலே சொன்ன அதே விலையில் ஐந்தைச் சேர்த்தால் 100 ரூபாய்க்கு 2,476 வரும். அடேயப்பா என்று தோன்றும். ஆனால் ஐந்தும் சரியாக வர 32-இல் ஒரு வாய்ப்புதான், நியாயமான தொகை 3,200. நூற்றுக்கு இருபத்திரண்டு ரூபாய்க்கு மேல் கழிவு. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நம் செட்டிநாட்டு நகரத்தார் யாராவது, மிச்சம் இப்படி எதிராளி பக்கம் நிற்கிற ஓர் ஏட்டில் கையெழுத்துப் போட்டிருப்பார்களா?

“ஒரே ஒரு வேர்ல்ட் கப்” என்கிறானே, அது எத்தனை பெரியது என்றும் பாருங்கள். முன்பெல்லாம் 32 அணி, 64 ஆட்டம். இந்த முறை அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்று நாட்டிலுமாக 48 அணி, 104 ஆட்டம், ஜூன் 11 தொடங்கி ஜூலை 19 வரை. நமக்குப் பெரும்பாலும் ராத்திரியும் விடியற்காலையும். ஆட்டம் நடக்கும்போதே அடுத்த கார்னர் யாருக்கு, அடுத்த மஞ்சள் அட்டை யாருக்கு என்று நிமிடத்துக்கு நிமிடம் கட்டச் சொல்லும் ஆப்கள் இருக்கின்றன. சென்னையில் தனி அறையில், தூக்கம் கெட்ட பையன், கையில் ஃபோன். நம் கல்யாண வீட்டுப் பட்டாலையில் ஆண்கள் விடிய விடிய ரம்மி ஆடுவதைப் பார்த்தவர்தான் நீங்களும். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் அங்கே தோற்றவன் முகத்தை நாலு பேர் பார்க்கிறார்கள், மடியில் காசு தீர்ந்தால் எழுந்தாக வேண்டும், விடிந்தால் சீட்டுக்கட்டை மடித்துவிட்டுப் பலகாரம் சாப்பிடக் கூப்பிட்டுவிடுவார்கள். ஃபோனில் இந்த மூன்றும் இல்லை.

இப்போது கடன். நாலு கடனையும் ஒரே மூட்டையாகக் கட்டி அடைக்க நினைக்கிறீர்கள். அவை ஒரே சாதி இல்லை.

ஏஜென்ட்டுக்கான 90,000 கடனே இல்லை என்பது என் கருத்து. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவுப்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. பந்தயத்தில் ஜெயித்த பணம் என்று கேட்டு எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அதுவும் போக, தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடை செய்கிறது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களை நடத்துவது, விளம்பரம் செய்வது, அதற்குப் பணம் கைமாற்றிக் கொடுப்பது எல்லாவற்றையும் குற்றமாக்குகிறது. ஆக, உங்கள் மகனை மிரட்டுகிற அந்த ஆள்தான் போலீசுக்குப் பயப்பட வேண்டியவன். ஒன்றை மறைக்கக் கூடாது. மத்தியச் சட்டம் ஆடியவரைத் தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டுச் சட்டத்தில் ஆடியவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, இரண்டும் சேர்ந்தும் வரலாம். அதனால் புகார் கொடுக்கும் முன் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ ஒரு வக்கீலிடம் அரைமணி நேரம் பேசிவிடுங்கள். மிரட்டல் வாட்ஸ்அப் செய்திகளை மகன் அழிக்காமல் வைத்திருக்கட்டும்.

“வாங்கிய பணத்தைக் கொடுக்காமல் விட்டால் நாணயம் போகாதா?” என்று உங்களுக்குத் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம். ஆனால் அந்த ஏஜென்ட் 90,000 ரூபாயை எண்ணி உங்கள் மகன் கையில் கொடுக்கவில்லை. திரையில் ஏதோ பாயின்ட் ஏற்றினான், அது போயிற்று, இப்போது ரூபாயாகக் கேட்கிறான். இதைக் கொடுத்தால், இந்த வீட்டில் மிரட்டினால் பணம் வரும் என்று அவனுக்குத் தெரிந்துவிடும்.

நண்பர்களின் 60,000 முழு நாணயக் கடன். அதை அவன்தான், தன் சம்பளத்திலிருந்து, மாதம் இவ்வளவு என்று அவர்களிடம் சொல்லிவிட்டு அடைக்க வேண்டும். நீங்கள் இதில் கை வைக்காதீர்கள்.

லோன் ஆப் ஒவ்வொன்றிலும் பணம் கொடுத்தது எந்த வங்கி, எந்த நிதி நிறுவனம் என்று பார்க்கச் சொல்லுங்கள். ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனம் என்றால் அசலும் ஒப்புக்கொண்ட வட்டியும் கட்டித்தான் ஆகவேண்டும். கடன் கொடுத்தவர் பெயரே இல்லாமல், ஃபோனில் இருக்கும் எண்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்புகிற ஆப் என்றால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

கிரெடிட் கார்டு மட்டும் அவசரம். பாக்கி வைத்தால் மாதம் மூன்றரை வட்டியும் அதற்கு மேலும்கூட ஓடும். வங்கியில் நகைக்கடன் சாதாரணமாக ஒரு வட்டிக்கும் கீழே. அதனால் நகையைத் தொடவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அந்த 80,000 அளவுக்கு மட்டும் வைத்து, பணத்தை மகன் கையில் கொடுக்காமல் நேராகக் கார்டுக் கணக்கில் கட்டி, கார்டையும் முடித்துவிடச் சொல்லுங்கள். நகையை அவன் மீட்க வேண்டும். மாதம் எவ்வளவு, எந்தத் தேதி என்று எழுதிக்கொள்ளுங்கள். இதெல்லாம் அவுகளுக்குத் தெரிந்து நடந்தால்தான்.

ஆமாம், அவன் அப்பச்சியிடம், அதாவது அப்பாவிடம், சொல்லியே ஆகவேண்டும். நீங்கள் மறைத்து அடைத்தால், அடுத்த கடனுக்கும் ஆத்தா இருக்கிறாள் என்பதுதான் அவனுக்கு மிஞ்சும். சத்தம் போடுவார்கள், இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள். போகட்டும். நீங்கள் போய்த் தூது சொல்ல வேண்டாம். அவுக ஊருக்கு வரும் நாளில் மகனை வரச்சொல்லி, அவன் வாயாலேயே முழுத்தொகையும் சொல்லச் சொல்லுங்கள். ‘முழுத்தொகை’ என்பதை அழுத்திக் கேளுங்கள். இந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் முதல் தடவை முழுதாகச் சொல்வது அபூர்வம். சம்பளம் விழும் கணக்கை ஆறு மாதத்துக்கு அப்பச்சியும் பார்க்கும்படி வைப்பதும், யூபிஐ வரம்பைக் குறைப்பதும், ஐடி இருக்கும் வாட்ஸ்அப், டெலிகிராம் குழுக்களிலிருந்து உங்கள் கண்முன்னே வெளியேறுவதும் அன்றைக்கே நடக்கட்டும். முடிந்தால் உலகக் கோப்பை மாதத்தில் அவன் தனியாகத் தங்காமல் சென்னையில் உறவினர் யார் வீட்டிலாவது இருக்கட்டும். ஆட்டத்தைக் கூடத்து டீவியில் நாலு பேரோடு பார்க்கட்டும், அது தப்பே இல்லை. விடமுடியாமல் தவித்தால், தூக்கம் போனால், ‘செத்துடலாம் போல இருக்கு’ என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரிடம் போவதில் குடும்பக் கௌரவம் ஒன்றும் குறையாது.

கல்யாணத்தை ஆவணியில் வைக்காதீர்கள். இதை நான் தயங்காமல் சொல்கிறேன். கல்யாணம் செய்துவைத்தால் திருந்திவிடுவான் என்று அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்கள், அது ஒரு பெண்ணை மருந்தாக வாங்கி வருகிற வேலை. ஒரு வருஷமாவது அவன் பந்தயம் இல்லாமல் இருக்கட்டும், கடன் பாதிக்கு மேல் அவன் கையால் அடையட்டும். அதன் பிறகு பேசி முடிக்கும் முன்பே பெண்ணிடமும் பெண்ணின் அப்பச்சியிடமும் அவனே சொல்லவேண்டும். கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் எழுதி, இரண்டு பேரும் ஒரு புள்ளியாக, தனிக் குடும்பமாக ஆன பிறகு வேறு யாராவது சொல்லி அந்தப் பெண்ணுக்குத் தெரிய வந்தால், அவள் சந்தேகம் உங்கள் மகனோடு நிற்காது, உங்கள் மேலும்தான் வரும்.

கடைசியாக ஒன்று, இதை இந்த வாரமே கேளுங்கள். ஏஜென்ட்டுக்காகத் தன் வங்கிக் கணக்கையோ யூபிஐயையோ, ஏடிஎம் கார்டையோ, சிம்மையோ கமிஷனுக்குக் கொடுத்திருக்கிறானா? பந்தயப் பணமும் மோசடிப் பணமும் இப்படி இளைஞர்களின் கணக்கு வழியாகத்தான் ஓடுகின்றன. கடன்பட்ட பையன்களிடம் ஏஜென்ட்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். கொடுத்திருந்தால் நான் மேலே சொன்ன வரிசை எல்லாம் அப்புறம். முதலில் வக்கீல், அன்றைக்கே வங்கியில் எழுத்து மூலமாகத் தெரிவிப்பது. யாரோ எங்கோ புகார் கொடுத்து, கணக்கு முடக்கப்பட்ட பிறகு சொன்னால், இவன் ஆடினவன் மட்டும்தான், நடத்தினவன் இல்லை என்று நிரூபிக்க அலைய வேண்டியிருக்கும்.