நாற்பது பக்க உத்தியை யார் படிப்பார்?

கேள்வி: முந்நூறு பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் மனிதவள மேலாளராக இருக்கிறேன். எம்.டி. கேட்டதால் மூன்று ஆண்டுக்கான மனிதவள உத்தியை நாற்பது பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். துறைத் தலைவர்கள் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. இன்னும் என்ன சேர்க்கலாம்?

பதில்: எதையும் சேர்க்காதீர்கள், எடுங்கள். உள்ளே என்ன இருக்கும் என்று பார்க்காமலே சொல்லிவிடுவேன். தொலைநோக்கு, விழுமியங்கள், கலர் கலராகக் கட்டம் போட்ட திறன் பட்டியல், 'ஊழியர்களே நம் சொத்து' என்று ஒரு வரி. இதில் எது தப்பு என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் யாரும் படிப்பதில்லை.

எம்.டி.யிடம் போய் உட்காருங்கள். அடுத்த வருஷம் வியாபாரத்தில் எது நடந்தே ஆக வேண்டும் என்று கேளுங்கள். 'பழுது என்று கூப்பிட்டால் மறுநாளே நம் ஆள் போய் நிற்க வேண்டும்' என்கிறார் என்று வையுங்கள். சரி, உங்கள் உத்தி முழுக்க சர்வீஸ் டெக்னீஷியன்களைப் பற்றியது. போதுமான ஆள் இருக்கிறார்களா, இருப்பவர்கள் ஏன் போகிறார்கள், புது ஆள் துணையில்லாமல் வேலைக்குப் போக எத்தனை நாள் ஆகிறது? இவ்வளவுதான்.

அப்புறம், பழைய ராஜினாமாக் கடிதங்களை எடுங்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, யாருக்குக் கீழே இருந்தார் என்று மூன்றை மட்டும் ஒரு தாளில் குறியுங்கள். காரணத்தை விட்டுவிடுங்கள், எல்லோரும் 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருப்பார்கள். ஒரே சூப்பர்வைசரின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் முதலில் அவரிடம் பேசுங்கள். பெயர்கள் கலந்து வந்து, பாதிப் பேர் ஆறு மாதத்துக்குள் போயிருந்தால், இன்டர்வியூவில் சொன்ன வேலையும் வந்தபின் கொடுத்த வேலையும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

பெரிய நிறுவனங்களே சுமையை இறக்கியிருக்கின்றன. மென்பொருள் நிறுவனமான அடோபி 2012-ல், வருஷத்துக்கு ஒருமுறை ஊழியரின் வேலையை மதிப்பிடும் அப்ரைசலை விட்டுவிட்டு, மேலாளரும் ஊழியரும் அடிக்கடி பேசிக்கொள்ளும் முறைக்கு மாறியது. ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் முறையை மைக்ரோசாஃப்ட் 2013-ல் நிறுத்தியது. நெட்ஃபிளிக்ஸின் செலவுக் கொள்கை, நிறுவனத்தின் நலனுக்கு ஏற்ப நடந்துகொள் என்ற ஒரே வரி. (அதை நீங்கள் அப்படியே காப்பியடித்தால் கணக்குத் துறை உங்களைச் சும்மா விடாது.)

சம்பளம், விடுப்பு, பாதுகாப்பு, பாலியல் புகார் பற்றிய விதிகளில் மட்டும் சிக்கனம் வேண்டாம். அவை கையேட்டில் விரிவாகவே இருக்கட்டும். உத்தி ஒரு பக்கம் போதும். எழுதியதும் ஒரு சூப்பர்வைசரிடம் கொடுத்து, 'இதைப் படித்தபின் திங்கட்கிழமை எதை மாற்றிச் செய்வீர்கள்?' என்று கேளுங்கள். எந்த வரிக்கு அவர் விழிக்கிறாரோ அதை அடித்துவிடுங்கள்.

கேள்வி: இதற்கெல்லாம் மென்பொருள் வாங்கலாமா?

பதில்: இப்போது வேண்டாம். ஆறு மாதத்துக்குள் விலகியவர்கள் எத்தனை பேர், தனியாக வேலைக்குப் போக எத்தனை நாள் என்ற இரண்டு எண்களுக்கு எக்செல் போதும். அதைப் பார்த்து துறைத் தலைவர்கள் தாங்களாகவே கேள்வி கேட்க ஆரம்பித்தால் வாங்குங்கள். அப்போதும் எடுத்த எடுப்பில் மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள்.