இரவில் கோழிக்கூட்டுக்குள் நுழைவது எது?

வணக்கம். திருமங்கலம் அருகே முதன்முறையாக நாட்டுக்கோழி வளர்க்கும் நீங்கள், இரவில் கூட்டின் அடியில் மண்ணைப் பறித்து நுழைந்த ஏதோ ஒன்று இரண்டு கோழிகளைக் கொன்றதாகவும், கீரியாக இருக்குமோ என்றும் எழுதியிருந்தீர்கள். கீரி பெரும்பாலும் பகலில் திரிவது. ஆகவே நான் முதலில் தெருநாயைத்தான் சந்தேகிப்பேன்.

நீங்கள் அடித்திருக்கும் அறுகோணக் கண் கோழிவலை கோழியை உள்ளே நிறுத்துமே தவிர நாயின் பல்லுக்குத் தாங்காது. அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த வலை) வாங்கி, பக்கங்களில் மட்டுமல்லாமல், மரநாய் ஏறி வரும் என்பதால் கூரையின் இடைவெளிகளிலும் அடியுங்கள். கரிசல் மண் கோடையில் வெடித்து இடைவெளி விடும். எனவே வலையைச் செங்குத்தாகப் புதைப்பதைவிட, இரண்டடி அகலத் துண்டைக் கூட்டின் அடிச்சட்டத்தோடு கம்பியால் கட்டி, வெளிப்புறமாகத் தரையில் படுக்கவைத்துக் கல் ஏற்றுவது நல்லது. தோண்டும் விலங்கு சுவரை ஒட்டியே பறிக்கும். அங்கே காலில் வலைதான் தட்டுப்படும்.

கதவுக்குக் கயிறு போதாது, கொண்டி வேண்டும். கூட்டின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தால் மதுரை வெயில் உள்ளே குறைவாக விழும். மேய்ச்சல் அடைப்புக்குள் ஒரு கோழிக்கு எட்டுச் சதுர அடியாவது விடுங்கள். மீதமுள்ள கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் என்ற கோழி நோய்க்கான தடுப்பூசியைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள்.