லீ மார்வினின் தொண்டை

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் அப்பாவும் நானும் ‘பெயின்ட் யுவர் வேகன்’ பார்த்தோம். 1969இல் வந்த படம். கலிஃபோர்னியாவுக்குத் தங்கம் தேடிப் போனவர்களைப் பற்றிய நகைச்சுவைக் கதை, நிறையப் பாட்டுகளோடு. விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு படித்துப் பார்த்தால் விமர்சகர்கள் பலர் அதைக் கிழித்துப் போட்டிருக்கிறார்கள். மனைவியை ஏலம் போடும் காட்சிக்குச் சிரித்ததும் உறுத்துகிறது. இதையெல்லாம் ரசிப்பது ரசனைக் குறைவா? இன்னொன்று. கதாநாயகன் லீ மார்வினுக்கு யாராவது நல்ல பாடகரைப் பின்னணி பாட வைத்திருக்கக் கூடாதா? அவர் வாயைத் திறந்ததும் எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா இரண்டு நாளாக அதே மாதிரி கரகரவென்று அந்தப் பாட்டை முணுமுணுக்கிறார். வீடே சிரிக்கிறது.

எம்., ஈரோடு

அன்புள்ள எம்.,

ரசித்துவிட்டீர்கள், பிறகு என்ன? வயிறாரச் சாப்பிட்டு எழுந்த பிறகு, சமையல் நன்றாக இருந்ததா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்பீர்களா? அப்பாவோடு உட்கார்ந்து சிரித்த ஒரு மாலையை, ஐம்பது வருடத்துக்கு முன்னால் எவரோ எழுதிய விமர்சனத்திடம் கொண்டுபோய்க் கையெழுத்துக் கேட்கிறீர்கள். எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் படம் திட்டு வாங்கியதில் பாதி, பணக் கணக்கால் வந்தது. ஒரிகன் மாநிலத்தின் கிழக்கு மலைக்காட்டில் ஒரு முழு ஊரையே கட்டினார்கள், கடைசியில் சரிந்து விழுவதற்காக. செலவு ஏறத்தாழ 2 கோடி டாலர், அந்தக் காலத்தில் மலைக்க வைக்கும் தொகை. அது தயாரிப்பாளரின் கவலை. நீங்கள் ஏன் சுமக்கிறீர்கள்?

ஏலக் காட்சியைப் பற்றி. இரண்டு மனைவியரோடு வரும் மார்மன் ஒருவன் (அந்தக் காலத்தில் பலதார மணத்தை ஏற்ற மதப் பிரிவு அது) ஒருத்தியை விற்கிறான் என்பதோடு நீங்கள் நிறுத்திவிட்டீர்கள். படம் அங்கே நிற்கவில்லையே. வந்தவள் முதலில் கேட்பது ஒரு வீடு. பிறகு, ஒருவனுக்கு இரண்டு மனைவி இருக்கலாம் என்றால் ஒருத்திக்கு ஏன் இரண்டு கணவர் இருக்கக் கூடாது என்று கேட்டு, அப்படியே வாழ்ந்தும் காட்டுகிறாள். 1850ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கலிஃபோர்னியாவில் பத்தில் ஒருவர் கூடப் பெண் இல்லை. அந்த வறட்சியிலிருந்து பிறந்த நகைச்சுவை அது. உறுத்த வேண்டியது உங்களுக்கு வேறு. 1848 ஜனவரியில் ஜேம்ஸ் மார்ஷல் கலிஃபோர்னியாவில் ஒரு மர அறுவை ஆலையின் வாய்க்காலில் தங்கத் துணுக்கைப் பார்த்த பிறகு, அந்த மண்ணின் பூர்வகுடிகள் வேட்டையாடப்பட்டார்கள், துரத்தப்பட்டார்கள். படம் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. அதைப் பற்றி நீங்கள் கேட்டிருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன்.

நான் எழுத உட்கார்ந்தது உங்கள் கடைசி நான்கு வரிகளுக்காக.

லீ மார்வினுக்குப் பின்னணிக் குரல் வேண்டும் என்கிறீர்கள். அந்தப் படத்திலேயே இரவல் குரல் உண்டு. கதாநாயகி ஜீன் செபெர்க் பாடுவது அவர் குரலில் அல்ல, அனிடா கோர்டன் என்ற பாடகியின் குரலில். அந்தப் பாட்டின் மெட்டை இப்போது முணுமுணுங்கள் பார்ப்போம். முடியாது. குரல் சுத்தமாக இருக்கிறது, ஆனால் அது அந்த மரக்குடிசையில் குடியிருக்கும் குரல் இல்லை. ஹார்வ் பிரெஸ்னெல் காற்றுக்குப் பெயர் வைத்துப் பாடுகிறாரே, அவர் முறையாகப் பயின்ற மேடைப் பாடகர். அழகு, மறுக்கவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் மரங்களோடு மெலிதாகப் பேசிப் பாடுவதைக் கூச்சமுள்ள ஒரு விவசாயிப் பையன் பாடுவதாகவே கேட்கிறேன், பிடித்திருக்கிறது. ஆனால் மார்வின் பாடும்போது மட்டும் ஒரு மனிதன் என் பக்கத்தில் வந்து நிற்கிறான்.

என்ன பாடுகிறான் அவன்? அலைவதற்கென்றே ஒரு நட்சத்திரத்தின் கீழ் பிறந்தவன் நான், ஓரிடத்தில் தங்க என்னால் ஆகாது என்று பாடுகிறான். மார்வின் நடித்த அந்த பென் ரம்சன் யார்? பனியிலும் சேற்றிலும் தூங்கியவன், கிடைத்த தங்கத்தூளை அன்றிரவே குடித்துத் தீர்த்தவன், நண்பர்களைப் புதைத்தவன். அவனுக்குத் தேன் குரல் எங்கிருந்து வரும்? அந்தப் பாட்டு தொண்டையில் தொடங்குவதாகவே தெரியவில்லை, முழங்காலுக்குக் கீழே எங்கேயோ தொடங்குகிறது. பாடியவரும் சாமானியர் இல்லை. இரண்டாம் உலகப் போரில் கடற்படைக் காலாட்படை வீரராக இருந்து, 1944இல் சைப்பான் தீவில் குண்டடி பட்டவர். அவர் குரலை எடுத்துவிட்டு ஒரு சங்கீத வித்வானின் குரலை வைத்தால் ஸ்வரம் சரியாக இருக்கும், ஆள் காணாமல் போய்விடுவான். 1970 மார்ச்சில் பிரிட்டனில் அந்த இசைத்தட்டு முதலிடத்தில் நின்றது. பீட்டில்ஸின் ‘லெட் இட் பி’ அதற்குக் கீழே இரண்டாம் இடத்தில் நின்றது. வாங்கியவர்கள் எல்லோரும் செவிடர்களா?

நம் காது கெட்டுப் போய்விட்டது, எம். பாகவதரும் சின்னப்பாவும் தங்கள் தொண்டையால் பாடி நடித்த காலம் போய், ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதே இயற்கை என்று பழகிவிட்டோம். பிறகும் சந்திரபாபு தன் பாட்டைத் தானே பாடினார். அவருடைய உடம்பு வளைவதும் குரல் வளைவதும் ஒன்றாக இருப்பது அதனால்தான். எந்த முகத்துக்கும் எந்தக் குரலையும் ஒட்டிக் கேட்டுக் கேட்டு, ஒரு முகத்திலிருந்து அதன் சொந்தக் குரல் வந்தால் நமக்குச் சிரிப்பு வருகிறது.

இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. கொஞ்ச நாளாகவே அது மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

என் பெரியப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத் தொழிலாளி. கலிஃபோர்னியாவில் ஆரம்ப நாட்களில் தங்கம் ஆற்று மணலில் கிடந்தது, தட்டில் அலசி எடுத்தவனுக்கே சொந்தம். கோலாரில் அது பாறைக்குள் இருந்தது. 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கங்கள் அவை. எடுத்தவனுக்குக் கூலி மட்டும். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே இறங்கினார்கள். பெரியப்பா முப்பது வருடத்துக்கு மேல் கூண்டில் இறங்கி ஏறியவர். கல்தூசு தின்ற தொண்டை. பேசினாலே தகரத்தில் ஜல்லி உருளுவது போலிருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது. கோடை விடுமுறைக்கு அங்கே போயிருந்தேன். தொழிலாளர் லைனில் ஒற்றை அறை வீடு, கூரையிலிருந்து தொங்கும் சேலைத் தூளி, அதில் அவருடைய பேத்தி. பெரியம்மா அருமையாகப் பாடுவார், கோயிலில் அவரைக் கூப்பிட்டுப் பாடச் சொல்வார்கள். ஆனால் குழந்தை அவர் பாட்டுக்குத் தூங்காது. பெரியப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, தூளிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்த ஜல்லிக் குரலில் ‘ஆராரோ’ என்று ஆரம்பித்தால் இரண்டாவது அடிக்குள் கண்ணை மூடிவிடும். முதல் நாள் அதைக் கேட்ட நானும் என் சித்தப்பா மகனும் சிரித்தோம். வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தோம். அந்த அறையில் எதுவும் மறையாது.

பெரியப்பா எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. பாட்டை நிறுத்தினார். கயிற்றை மட்டும் ஆட்டினார். நாங்கள் இருந்த பதினோரு நாளும் கயிறு மட்டும்தான் ஆடியது. குழந்தை சிணுங்கிச் சிணுங்கி வெகுநேரம் கழித்துத் தூங்கும். ஒருநாள் இரவு பெரியம்மா, “பாடித் தொலையுங்களேன்” என்றார். அவர், “தொண்டை சரியில்லை” என்றார். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு அன்றும் தெரியவில்லை, பிறகும் வாய்க்கவில்லை. 2001 பிப்ரவரியில் சுரங்கங்களை மூடியபோது அவர் இல்லை.

மார்வினை முதல்முறை கேட்டபோது எனக்கு நாற்பது வயதுக்கு மேல். ஓட்டல் அறைத் தொலைக்காட்சியில் பாதியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் குரல் வந்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். கைக்கு எட்டும் தூரத்தில் தூளிக் கயிறு ஆடுவது போலிருந்தது.

ஆகவே, எம்., தயவுசெய்து அதைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். படத்தில் சிரிக்க எவ்வளவோ இருக்கிறது. மதுக்கடையின் பலகை இடுக்கில் சிந்தும் தங்கத்தூளுக்காக ஊருக்கு அடியில் சுரங்கம் தோண்டி, அந்த ஊரையே சரிய விடுகிறார்களே, அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் சிரியுங்கள். நானும் சிரிக்கிறேன்.

அப்பா இரண்டு நாளாகப் பாடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதம் எனக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்னும் பாடுகிறாரா? இன்றிரவு அவரிடம் போய் உட்கார்ந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து ஒருமுறை பாடச் சொல்லிக் கேளுங்கள். பாடினாரா இல்லையா என்று எனக்கு எழுதுங்கள்.