நாத்தனாருக்கும் சேர்த்து ஒரு பதில்

கேள்வி: என் கணவர் பக்கவாதம் வந்து தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறார். நான்தான் கூட இருந்து பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் சர்க்கரை, பிரஷர் உண்டு. சாயங்காலம் அவர் கண் அயர்ந்ததும் ஆஸ்பத்திரி வளாகத்துக்குள்ளேயே கொஞ்ச நேரம் நடந்துவிட்டு வருகிறேன். மனசு தெளிவாக இருப்பது அந்த நேரத்தில்தான். பார்க்க வந்த என் நாத்தனார், "அண்ணன் இப்படிக் கெடக்கறப்ப இவளுக்கு வாக்கிங் கேக்குது" என்று வார்டிலேயே சொல்லிவிட்டார். நான் செய்வது தப்பா?
– ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: தப்பே இல்லை அம்மா. நடப்பதை ஒரு நாளும் விடாதீர்கள்.

தப்பு எங்கே இருக்கிறது என்றால், அந்தப் பேச்சு வார்டுக்குள் பேசப்பட்டதில் இருக்கிறது. பக்கவாதத்தில் பேச்சு குழறிப்போனவர்கள் பலருக்கு, அடுத்தவர் பேசுவது நன்றாகவே புரியும். பதில் சொல்லத்தான் வாய் வராது. தன்னால் மனைவிக்குக் கெட்ட பெயர் என்று உங்கள் கணவர் படுத்தபடியே கேட்டிருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்? இதை நாத்தனாரிடம் நீங்களே சொல்லுங்கள். கோபமாக வேண்டாம், ஆனால் சொல்லாமல் விடவும் வேண்டாம்.

தருமபுரியில் மருத்துவக் கல்லூரி வந்தது 2008இல். பெரிய வைத்தியம் என்றாலே சேலத்துக்கோ பெங்களூருக்கோ ஓடிய குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது நம் மாவட்டத்துக்காரர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே இருப்பதால் சொந்தபந்தமும் பஸ் ஏறி வந்து பார்த்துவிட்டுப் போக முடிகிறது. வரட்டும், நல்லதுதான். ஆனால் ஹார்லிக்ஸ் பாட்டிலும் சாத்துக்குடியும் கொடுத்துவிட்டுப் பத்து நிமிஷத்தில் திரும்பும் பஸ்ஸைப் பிடிப்பவருக்கு, ராத்திரி முழுக்க அந்தக் கட்டிலுக்குக் கீழே பாய் விரித்துக் கிடப்பவரைக் குறை சொல்ல என்ன உரிமை இருக்கிறது?

இன்னொன்றையும் அவர் யோசிக்க வேண்டும். பக்கவாதம் ஒரு வாரத்தில் சரியாகிற காய்ச்சல் இல்லை. தேறி வர மாதக்கணக்கில் ஆகும். தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகில் படுக்கைப் புண் வந்துவிடும். எழுப்பி உட்காரவைப்பது, பாத்ரூமுக்குத் தாங்கிப் பிடிப்பது, பிசியோதெரபி சொல்லிக்கொடுத்ததைத் திரும்பத் திரும்பச் செய்யவைப்பது எல்லாம் உங்கள் இடுப்பையும் முழங்காலையும் நம்பித்தான் இருக்கிறது. ஸ்டூலில் நாள் முழுக்க உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கும், சர்க்கரை ஏறும், தூக்கமும் கெடும். அப்புறம் அடுத்த கட்டிலில் நீங்கள் படுத்தால் யார் பார்ப்பது? நாத்தனார் அண்ணன் மேல் பாசம் உள்ளவர்தான், சந்தேகமில்லை. அந்த அண்ணனுக்காகத்தான் அண்ணி நடந்தாக வேண்டும்.

எவ்வளவு நடப்பது? அரசின் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தில் மாவட்டத்துக்கு மாவட்டம் 8 கிலோமீட்டர் நடைபாதை வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இப்போது அதெல்லாம் தேவையில்லை. பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிஷம். அதாவது ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் சொச்சம். ஒரே மூச்சில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களுக்குச் சர்க்கரை இருப்பதால் சாப்பாட்டுக்கு அப்புறம் பத்துப் பதினைந்து நிமிஷம் நடந்தால் இன்னும் நல்லது. டாக்டர் ரவுண்ட்ஸ் வரும் நேரத்தில் மட்டும் போகாதீர்கள். பக்கத்துக் கட்டில்காரரிடம் போன் நம்பர் கொடுத்துவிட்டுப் போங்கள். இருட்டிய பிறகு பைபாஸ் பக்கம் வேண்டவே வேண்டாம். வளாகத்துக்குள் இருப்பதே சரி. யாராவது ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்ள வந்தால், கோட்டை மல்லிகார்ஜுனர் கோவில்வரை போய் வாருங்கள். நுளம்ப அரசர்கள் காலத்துக் கோவில், பிராகாரத்தைச் சுற்றினாலே மனசு அடங்கும்.

தெளிவாக இருப்பது என்றால் எப்போதும் சிரித்த முகமாக இருப்பது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப்பில் காலையில் வரும் 'பாசிட்டிவாக இருங்கள்' படங்கள் அப்படித்தான் சொல்லும். நடக்கும்போது அழுகை வந்தால் அழுதுகொண்டே நடங்கள். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கம் இல்லை, எதுவும் பிடிக்கவில்லை, விடியும்போதே பயமாக இருக்கிறது என்றால் அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் பண்ணுங்கள். காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

வீட்டுக்குப் போன பிறகும் பிசியோதெரபி நிற்கக் கூடாது. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும் முன்பே உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லிவையுங்கள்.

நாத்தனார் அடுத்த முறை வரும்போது பழம் வேண்டாம், ஒரு மணி நேரம் வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள். அண்ணனை எந்தப் பக்கம் திருப்புவது, தலையணையை எங்கே அணை கொடுப்பது என்று காட்டிக்கொடுங்கள். சிஸ்டரிடம் ஒரு வார்த்தை சொல்லி, கூட இருப்பவருக்கான பாஸை நாத்தனார் கையில் கொடுத்துவிட்டு நடக்கக் கிளம்புங்கள்.