வீடியோவுக்குத் தனி டிஷ் வேண்டாம், வரிசையைச் சரிசெய்யுங்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையிலும் அங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளியும் எங்கள் கல்லூரிக்கு இரண்டு வளாகங்கள். இரண்டுக்கும் நடுவே 5.8 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் இணைப்பு இருக்கிறது. அலுவலகக் கணினிகள் எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. பெரிய அரங்கில் நடக்கும் வகுப்பையும் அதிலேயே அனுப்பிப் பார்த்தோம். காலையில் படம் நன்றாக வருகிறது. பதினொரு மணிக்கு மேல் கட்டம் கட்டமாக உடைகிறது. வீடியோவுக்கு இன்னொரு ஜோடி டிஷ் வாங்கியே ஆக வேண்டும் என்கிறார் ஒப்பந்தக்காரர். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். முதலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அலுவலகம் பூட்டியிருக்கும்போது, பதினொரு மணிக்கு அதே வீடியோவை அனுப்பிப் பாருங்கள். படம் உடையாமல் வந்தால் டிஷ்ஷில் குறையில்லை. கூட்ட நெரிசல்தான் காரணம்.

முழு எச்டி படம் எச்.264 என்ற சுருக்கும் முறையில் நொடிக்கு 4 முதல் 6 மெகாபிட் வரைதான் கேட்கும். உங்கள் இணைப்புக்கு அது பெரிய சுமையே இல்லை. ஆனால் அலுவலகத்தில் யாரோ ஒருவர் பெரிய கோப்பை நகலெடுக்கத் தொடங்கினால், அது கிடைக்கும் இடம் முழுவதையும் நிரப்பிவிடும். ஜிஎஸ்டி வருவதற்கு முன்பு வாளையார் சோதனைச் சாவடியில் லாரிகள் நின்ற வரிசை உங்களுக்கு நினைவிருக்கும். அரிசி லாரி ஒரு நாள் நின்றாலும் அரிசி அரிசிதான். பால் வண்டி நின்றால் பால் திரிந்துவிடும். கோப்பு அரிசி, வீடியோ பால். பால் வண்டியை முன்னால் விடச் சொல்லும் ஏற்பாடு உங்கள் கருவிகளிலேயே இருக்கும். அதற்கு முன்னுரிமை அமைப்பு என்று பெயர்.

அதை எங்கே செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். கணினிகளைக் கம்பியால் இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியில் மட்டும் முன்னுரிமை கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். ஸ்விட்சின் வாய் 1000 மெகாபிட் அகலம். அங்கே நெரிசலே கிடையாது. வரிசை நிற்பது டிஷ்ஷோடு இருக்கும் ரேடியோவுக்குள், அதாவது அலையை அனுப்பி வாங்கும் கருவிக்குள். ஆகவே ரேடியோவில் முன்னுரிமையை இயக்குங்கள். அதில் அந்த வசதி இல்லையென்றால், இரு முனை ரவுட்டர்களிலும் வேகத்துக்கு, ரேடியோ உண்மையில் தாங்குவதைவிடச் சற்றுக் குறைவாக ஒரு வரம்பு போடுங்கள். வரிசை ரவுட்டருக்கு வந்துவிடும். யாரை முன்னால் விடுவது என்று அங்கே நீங்கள் சொல்லலாம்.

உண்மையில் தாங்குவது எவ்வளவு? பெட்டியில் அச்சிட்டிருக்கும் 300 மெகாபிட்டை நம்பாதீர்கள். இந்த வகை ரேடியோ ஒரே அலைவரிசையில் மாறி மாறிப் பேசும், கேட்கும். போக வர இரண்டையும் கூட்டினால் ஏறக்குறைய பாதிதான் கைக்கு வரும். ஐபெர்ஃப் என்ற இலவச மென்பொருளால் உங்கள் மாணவர் ஒருவரே அளந்துவிடலாம். வாங்கும்போதே இப்படி அளந்து காட்டச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நம் கொள்முதலில் பெரும்பாலும் குறைந்த விலையைத்தான் பார்க்கிறார்கள். அட்டையில் பெரிய எண் போட்டவன் ஜெயிக்கிறான், பிள்ளைகள் உடைந்த படத்தைப் பார்க்கிறார்கள். இதை எத்தனை கொள்முதல் குழுக்களிடம் சொல்லி அலுத்துவிட்டேன்!

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். எதிர் வளாகத்தில் ஒரே அறையில் பார்த்தால் மேலே சொன்னது போதும். பத்து அறைகளில் பார்த்தால், ஒவ்வோர் அறையும் தனித்தனிப் பிரதி கேட்கும். 5 மெகாபிட் 50 ஆகிவிடும். உடனே 'மல்டிகாஸ்ட்' போடலாம், அதாவது ஒரே பிரதியைப் பலரும் பெறும்படி அனுப்பலாம் என்று யாராவது சொல்வார்கள். கம்பியில் அது நல்ல வழி. வை-ஃபை வகை ரேடியோக்கள் பலவற்றில் மல்டிகாஸ்ட் மிகக் குறைந்த வேகத்தில் போகும், தொலைந்ததைத் திரும்ப அனுப்பவும் செய்யாது. இருந்த படமும் கெடும். சரியான வழி, இணைப்பைக் கடக்க ஒரே ஒரு பிரதியை விடுவது. எதிர் வளாகத்தில் ஒரு சாதாரணக் கணினி அதை வாங்கிப் பத்து அறைகளுக்கும் பிரித்துக் கொடுக்கட்டும். பழைய கணினியே இதற்குப் போதும். பத்து அறைகளைக் காட்டித்தான் உங்களிடம் இரண்டாவது டிஷ்ஷை விற்க வருவார்கள், மறந்துவிடாதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமையும் படம் உடைந்தால் கதை வேறு. பாலக்காட்டுக் கணவாயின் காற்று கம்பத்தை அசைக்கும். திருகுகளை முறுக்கி, இழுகம்பி கட்டுங்கள். அடுத்து மரங்கள். நான்கு கிலோமீட்டரின் நடுப்புள்ளியில் பார்வைக்கோட்டைச் சுற்றி ஏழு மீட்டர் ஆரத்துக்கு அலை பரவும். அதில் 60 சதவீதமாவது, அதாவது நான்கு மீட்டருக்கு மேல், தடையின்றி இருக்க வேண்டும். டிஷ் வைத்த ஆண்டில் கோட்டுக்குக் கீழே இருந்த தென்னை இப்போது எங்கே நிற்கிறது என்று பைனாகுலரில் பாருங்கள். மழையில் சிக்னல் போகிறது என்பார்கள். 5.8 கிகாஹெர்ட்ஸில் மழை பெரிதாகத் தின்பதில்லை. நனைந்த ஓலையும் தண்ணீர் இறங்கிய இணைப்பு முனையும்தான் தின்கின்றன.

உரிமம் வாங்கித் தருகிறேன் என்று தொகை கேட்பவரிடம் எச்சரிக்கை. உங்கள் 5.8 அடங்கிய 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2018 அக்டோபரில் மத்திய அரசு உரிமத்திலிருந்து விலக்கு அளித்துவிட்டது. கருவிக்கு வகை ஒப்புதல், அதாவது அந்த மாடலுக்கான அரசின் ஒப்புதல், இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள்.

இதையெல்லாம் செய்ய ரேடியோவின் கடவுச்சொல் வேண்டும். அது ஒப்பந்தக்காரரிடம் மட்டுமே இருக்கிறது என்றால், அவருக்கு அடுத்த பில்லைக் கொடுப்பதற்கு முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.