கோவளம் அலையும் மீனவப் பசங்களும்

கேள்வி: பலகைமேல நின்னு அலையில சறுக்கற சர்ஃபிங்னாலே வெளிநாட்டுக்காரங்க, காசு இருக்கறவங்க விளையாட்டுதானே? சென்னை பக்கத்துக் கோவளத்துல எப்படிங்க வந்துச்சு?
- ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: கோவளத்துல இத வளத்ததே மீனவப் பசங்கதாங்க. மூர்த்தி மேகவன்னு அந்த ஊர் மீனவர், முதல்ல கெடச்ச மரப்பலகைய வச்சே அலையில சறுக்கிப் பாத்தவர், அப்புறம் ஜாக் ஹெப்னர்னு ஒரு அமெரிக்கர் தன் சர்ஃப் போர்டை ஓட்டக் குடுக்க, அதோட ஆரம்பிச்சதுதான் எல்லாம். மூர்த்தி ஊர்ப் பசங்களுக்கு இலவசமாவே சொல்லிக்குடுத்தார், ஆனா கண்டிஷன் கறார்: குடிக்கக்கூடாது, புகைக்கக்கூடாது, பசங்க ஒழுங்கா ஸ்கூலுக்குப் போகணும். எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஏன்னா குடியால எத்தனை மீனவக் குடும்பம் சீரழிஞ்சிருக்குன்னு கடற்கரை ஊர்க்காரங்களுக்குத் தெரியும். தொழிலதிபர் அருண் வாசு துணைக்கு வந்தாரு, கோவலாங் பாயின்ட் சர்ஃப் ஸ்கூல் வந்துச்சு, 2013ல சர்ஃப் திருவிழாவே நடந்துச்சு, தென்னாப்பிரிக்க கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸ் கூட வந்தாரு. அங்க கத்துக்கிட்ட பசங்களே இப்போ மத்தவங்களுக்குக் கோச்.

கேள்வி: நாப்பது வயசுல சர்ஃபிங் கத்துக்கலாமா?
- ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: தாராளமா! நீச்சல் தெரிஞ்சா நல்லது. காலையிலேயே போங்க, காத்து கம்மியா இருக்கும், தனியா மட்டும் எறங்காதீங்க.